கலைவாணர் கண்ட குடியும் நோரா வோல்கோவ் கண்ட குடியும்

தமிழ்த் திரைப்படத்தில் ஒருவன் கால் பின்னிக்கொண்டு நடந்து வந்தால் போதும், கொட்டகை சிரிக்கத் தொடங்கிவிடுகிறது! அவன் பேச வேண்டுவதில்லை. கருத்துக் கூற வேண்டுவதில்லை. கதைக்கும் அவனுக்கும் தொடர்பிருக்க வேண்டுவதில்லை. குழறும் நாக்கு, நழுவும் வேட்டி, விளக்குக் கம்பத்தோடு ஒரு வழக்காடல் — இவ்வளவு இருந்தால் நகைச்சுவை நிறைவேறிவிட்டது என்று படம் எடுப்போர் முடிவுகட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி ஆண்டு விழாக்களிலே பன்னிரண்டு வயதுச் சிறுவன் இந்த வேடம் பூண்டு வருகிறான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வெண்திரை கற்றுக்கொடுத்திருக்கிறது. அரங்கம் அதிர்கிறது. அதே அரங்கத்திலே, இப்படித் தள்ளாடி வரும் தந்தைக்காக நள்ளிரவு வரை கதவோரம் விழித்திருக்கும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கின்றனர் என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குத் தெரியும். அவர்களும் கைதட்டுகின்றனர். அந்தக் கைதட்டலைத்தான் நம்மால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

குடிப்பவனைக் கண்டு சிரிக்கலாமா? சிரிக்கலாம் என்றால், எந்தச் சிரிப்பு? இந்தக் கேள்வியோடு நாம் அணுக வேண்டியவர்கள் இருவர். ஒருவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். மற்றவர் மெக்சிகோவில் பிறந்து, அமெரிக்காவிலே போதை அடிமைத்தனம் பற்றிய ஆய்வில் தலையாய இடம் பெற்ற நோரா வோல்கோவ் என்ற மருத்துவ அறிஞர். ஒருவர் பெயரைச் சொன்னதும் நம் பாட்டனாரின் முகம் மலரும். மற்றவர் பெயரை நம்மூர்ப் படிப்பகங்களிலே பலர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஒருவர் நான்காம் வகுப்போடு பள்ளிக்கு வணக்கம் சொன்னவர். மற்றவர் மூளையின் உட்புறத்தைப் படமெடுத்துப் படித்தவர். ‘இவ்விருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது பொருந்துமா?’ என்று கேட்கும் தோழர்களுக்கு, இருவர் இலையிலும் விழுந்த பொருள் ஒன்றே என்பதுதான் நமது விடை.

கலைவாணரை முதலில் காண்போம். 1908 நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்ற சிறுவன், கொட்டகைக்கு உள்ளே நடப்பதைக் கண்டு, மேடைக்கு ஏறினான். வில்லுப்பாட்டு அவருக்கு ஊர்மண் தந்த சொத்து. டி. கே. எஸ். சகோதரர்களின் குழு அவருக்குக் கல்லூரி. பிறகு திரைப்படம். நடித்தார், பாடினார், தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே ஆக்கி அமைத்தார், படம் தயாரித்தார், ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை இயக்கினார். துணைவியார் டி. ஏ. மதுரம் திரையிலும் இல்லத்திலும் அவருக்கு எதிர்ப்பேச்சும் ஈடான பேச்சும் ஆனார். ‘ராஜா ராணி’யில் (1956) சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக் காட்டும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள், சிரிப்பை ஆராய்ச்சிப் பொருளாகவே கொண்ட கலைஞர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார் என்பதை ஒப்புவர். தம்மோடு கலையை முடித்துக்கொள்ளாமல், நெல்லைப் பகுதியிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து வில்லிசையை அடுத்த தலைமுறையின் கையில் வைத்தார்.

வாழ்வு அவரிடம் எப்போதும் சிரித்துப் பேசவில்லை. 1944 நவம்பரில் நடந்த லட்சுமிகாந்தன் கொலையில் அவரையும் தியாகராச பாகவதரையும் பிணைத்தனர். ஆயுள் தண்டனை விதித்தனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையாயினர். சிறை பாகவதரின் புகழை விழுங்கிற்று. கலைவாணரோ, வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. அதற்கும் மேலான இடத்திலிருந்து தொடங்கினார். 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள், ஐம்பதை எட்டாத வயதிலே மறைந்தார். 1969 சனவரியில் சென்னையில் அவரது சிலையைத் திறந்துவைத்த அண்ணா, அடுத்த மாதத் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார்.

இனி, குடிக்கு வருவோம். கலைவாணரின் தொடக்ககாலப் படங்களில் ஒன்றாகிய ‘சதி லீலாவதி’ (1936) குடியைப் பற்றிய படம் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். எம். ஜி. ஆருக்கு அதுவே முதல் படம் என்ற செய்தியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்! வாசனின் கதை, எல்லிஸ் டங்கனின் இயக்கம். செல்வன் ஒருவன் தீய நட்பால் குடியில் விழுந்து, குடும்பத்தை விட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே கூலியாகும் கதை. இதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஹென்றி உட் அம்மையார் என்ற ஆங்கில எழுத்தாளர் 1860-இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற மதுவிலக்கு நாவலிலே! ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் பரிசளித்த நாவல் அது. அதே வேரிலிருந்து ‘பதிபக்தி’ என்ற நாடகமும் முளைத்து, இரண்டு தமிழ்ப் படங்களுக்குள் வழக்கு மூண்டு, இருவருக்கும் மூலம் ஒன்றே என்று வாசன் சான்று கூறியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆக, தமிழ்த் திரையின் குடிகாரன் பாதி வழியிலேனும் கப்பலேறி வந்தவன். அந்தக் கதையில் குடி என்பது ஒழுக்கக்கேடு. வீழ்ச்சிக்குக் காரணம் தீய நண்பன். மீட்சிக்குக் காரணம் கற்புடைய மனைவி. மனைவி அழுது அழுது கணவனைத் திருத்த வேண்டும் என்பது அதன் உட்கிடை. நமக்கு உடன்பாடில்லாத உட்கிடை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘நல்லதம்பி’யில் (1949) நிலைமை மாறுகிறது. அண்ணாவின் எழுத்து, கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கம், கலைவாணர் கதைத் தலைவர். ஃபிராங்க் காப்ரா 1936-இல் எடுத்த அமெரிக்கப் படத்தின் தழுவல் அது: எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வந்துசேரும் நாட்டுப்புறத்து மனிதன், அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் மக்களுக்காக்க முனைகிறான். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு நம் கண்ணில் படாமல் போகாது. அமெரிக்கப் படத்திலே கதைத் தலைவன் ஓரிரவு நன்றாகக் குடித்துவிட்டு, தெருக்குதிரைக்குப் பலகாரம் ஊட்டி மகிழ்கிறான். பார்ப்போர் அவனது வெள்ளை மனத்தைக் கண்டு சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கதையைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்கள், மதுவிலக்கையே படத்தின் கொள்கைகளில் ஒன்றாக்கினர்! சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது 1948-இல். படம் வந்தது 1949-இல். சட்டம் கடையை மூடிற்று. மனத்தில் திறந்திருந்த கடையை மூட ஒரு கலைஞன் முன்வந்தான்.

படம் முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். சிறந்த பகுதி ‘கிந்தனார்’ காலட்சேபம். நந்தனார் கதையின் நடையையே எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் கல்விக்காகத் துடிப்பதையும், படித்து அதிகாரியாகித் திரும்புவதையும் சொல்கிறது அது. பழைய காலட்சேபத்தின் மெட்டும் முறையும் சிரிப்பூட்ட, அச்சிரிப்பின் நடுவே சாதியின் முகத்திரை கிழிகிறது. ‘சாதி கெட்டது’ என்று ஒருமுறைகூட உரத்துச் சொல்லாமலேயே அந்த எண்ணத்தை உண்டாக்கிவிடும் கலை அது. மதுவிலக்கைப் பேசும் இடங்களில் அந்த நயம் குறைகிறது. அங்கே கலைஞர் பின்னுக்கு நகர்ந்து, பிரசாரகர் முன்னுக்கு வருகிறார். கூறுவது சரியே, ஆனால் கூறுகிறார். கிந்தனாரில் நாமே கண்டுகொண்டதை, இங்கே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? கலையின் குறை மட்டுமன்று. கருத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கலைவாணரின் நகைச்சுவைக்கு அடித்தளம் ஓர் அசையாத நம்பிக்கை: மனிதனின் தீமைகளுக்குக் காரணம் அறியாமை, அறியாமையைச் சிரித்துக் காட்டினால் அது வெட்கி ஓடும். மூடநம்பிக்கைக்கு இது முற்றும் பொருந்தும். கிரகணம் என்பது நிழல் என்று விளங்கியவன், பாம்பு விழுங்கிற்று என்று மீண்டும் அஞ்சமாட்டான். சோதிடனைக் கண்டு ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தவன், மறுமுறை அவன் முன் கை நீட்டத் தயங்குவான். பகுத்தறிவு இயக்கத்தின் வெற்றியில் பாதி இந்தச் சிரிப்பு ஈட்டித் தந்தது.

குடிப்பவன் நிலை அதுவா? குடி கெடுக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? ஊரில் எவரையும்விட நன்றாகத் தெரியும்! ஈரல் வீங்கியது அவனுக்கு. அடகுச் சீட்டு அவன் சட்டைப் பையில். மகளின் கண்ணீர் அவன் எதிரில். காலையில் மனைவியின் தலைமீது கைவைத்து ஆணையிடுகிறான். அந்த ஆணை பொய்யன்று. அந்த நேரத்தில் அவன் நெஞ்சறிந்த மெய். மாலையில் அதை மீறுகிறான். அறிவு இருக்கிறது, அறிந்தபடி நடக்கும் ஆற்றல் இல்லை. இந்த இடைவெளியைக் கலைவாணரின் சிரிப்பு நிரப்பவில்லை. இன்னும் குடிக்கத் தொடங்காத இளைஞனை அது தடுத்து நிறுத்தலாம், தடுத்தும் இருக்கும். ஏற்கெனவே சிக்கியவனுக்கோ அந்தச் சிரிப்பு மற்றோர் அவமானம். அவமானத்தை மறக்க அவன் எங்கே போவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கள்ளுண்டவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதன் வீண்மையை வள்ளுவரே கள்ளுண்ணாமை அதிகாரத்தில் எடுத்துக்காட்டிவிட்டார். அறிவுக்கு அத்தனை உயர்ந்த இடம் தந்தவர், அறிவுரை செல்லாத இடம் ஒன்று உண்டு என்று கண்டார். ஏன் செல்லவில்லை என்ற கேள்வியை அவர் காலத்து அறிவியலால் கேட்க முடிந்திருக்காது.

அந்தக் ‘ஏன்’தான் நோரா வோல்கோவின் வாழ்க்கைப் பணி. 1956-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். அவர் வளர்ந்த வீட்டை உலகம் அறியும்: 1940 ஆகஸ்டில் டிராட்ஸ்கி கொலையாளியின் கைக்கு இரையான கொயோவாக்கான் வீடு அது. டிராட்ஸ்கியின் பேரன்தான் நோராவின் தந்தை. பெரும் புரட்சியாளரின் கொள்ளுப்பேத்தி என்ற பெருமையை விற்றுப் பிழைக்கும் வாய்ப்பு இருந்தும், அந்த அம்மையார் மருத்துவம் கற்கப் புறப்பட்டார். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், நியூயார்க்கிலே உளமருத்துவப் பயிற்சி. உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில், நுண்ணளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது எங்கே எவ்வளவு சேர்கிறது என்று படமெடுக்கும் புதிய முறை அவரைக் கவர்ந்தது. 1980-களின் நடுவில் டெக்சாசின் ஹூஸ்டனிலே, மனநோயாளிகளின் மூளையை ஆராயச் சென்றவர், தம்மிடம் வருவோரில் பலர் கோகெய்ன் உட்கொள்பவர் என்பதைக் கண்டு அவர்களைப் படமெடுத்தார். மூளையில் ஆங்காங்கே குருதி ஓட்டம் குன்றியிருந்தது. சிறுசிறு வாதத் தாக்குதல் நேர்ந்த மூளைபோலத் தோன்றிற்று. கோகெய்னை ஏதோ செல்வர்களின் கேளிக்கைப் பொருள் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. இந்த முடிவை வெளியிட முதலில் ஆய்விதழ்கள் தயங்கின. 1988-இல் அது அச்சேறிற்று.

அடுத்து, நியூயார்க்கை ஒட்டிய புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். அங்கே அவரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்ததுதான் இன்று பாடநூலில் இருக்கிறது. மூளையில் டோபமின் என்றொரு பொருள் சுரக்கிறது. ‘இது வேண்டும், இதை மீண்டும் நாடு’ என்ற தூண்டுதலை எழுப்புவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் டி2 என்பது ஒரு வகை. கோகெய்னுக்கு அடிமையானோர் மூளையில் அவ்வேற்பிகள் குறைந்திருப்பதையும், அந்தக் குறைவோடு நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் குன்றியிருப்பதையும் 1993-இல் காட்டினர். மூன்றாண்டுகள் கழித்து மதுவுக்கு அடிமையானோரிடமும் ஏற்பிகளின் குறைவைக் கண்டனர். எளிய தமிழில் சொன்னால், போதைப்பொருள் டோபமினை வெள்ளமாகக் கொட்டுகிறது. வெள்ளத்துக்குப் பழகிய மூளை தன் வாய்க்கால்களைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு ஓடைத் தண்ணீர் வந்தால் உறைப்பதில்லை. மகனின் மழலை, மனைவியின் கைச்சோறு, வேலைக்குக் கிடைத்த பாராட்டு — இவை எல்லாம் ஓடைத் தண்ணீர். நாளையை எண்ணி இன்றைய கையைத் தடுக்கும் பகுதியோ, அதுதான் நெற்றிக்குப் பின்னே சோர்ந்து கிடக்கிறது. காலையில் செய்த ஆணை மாலையில் ஏன் உடைகிறது என்பதற்கு, ‘திமிர்’, ‘கொழுப்பு’ என்ற ஊர் விடைகளைவிட மேலான விடை இதிலே கிடைக்கிறது. தன் விருப்புறுதி தன் கைவிட்டுப் போன நோய் என்பது நோரா தரும் விளக்கத்தின் சாரம்.

2003-இல் அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வுக்கான தேசிய நிறுவனத்துக்குத் தலைமையேற்று, இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அப்பொறுப்பில் நீடித்தார். பதவிகளின் பட்டியலைவிட 2015-இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கக் கூட்டத்தில் அவர் சொன்ன ஒரு செய்தியே நமக்கு முதன்மையானது. அவர் சிறுமியாக இருந்தபோது தாய்வழிப் பாட்டனார் இறந்தார். இதய நோய் என்று வீட்டார் சொன்னார்கள். பாட்டனார் குடிக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள முடியாமல் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர் என்பதை நெடுங்காலம் கழித்துத்தான் தாய் மகளிடம் கூறினார். போதை ஆய்விலேயே மூழ்கியிருந்த மகளிடம்கூட, அத்தனை காலம் அந்த வீடு அதை மறைத்து வைத்திருந்தது! நம் வீடுகள் மறைக்கின்றன என்பதில் வியப்பென்ன? கலைவாணரின் கொட்டகையிலும் இப்படி மறைத்துக்கொண்டு சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

நோராவின் ஆய்வுகளுள் கலை விமரிசகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2006-இல் வெளிவந்தது. கோகெய்னுக்கு அடிமையான பதினெட்டுப் பேருக்கு இருவகைப் படங்களைக் காட்டினர். ஒன்றில் இயற்கைக் காட்சிகள். மற்றொன்றில் சிலர் கோகெய்ன் புகைக்கும் காட்சிகள். உட்கொள்ள ஒரு துளியும் தரவில்லை. படம் மட்டுமே காட்டினர். இரண்டாவது படத்தைப் பார்த்தபோது மூளையின் உட்பகுதியில் டோபமின் கூடிற்று. எவருக்கு அதிகம் கூடிற்றோ அவருக்கு வேட்கையும் அதிகமாயிற்று. நிழலே போதுமானதாயிற்று!

தமிழ்ப் படம் எடுப்போரிடம் இதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. குப்பியைச் சாய்க்கும் ஓசையை அத்தனை துல்லியமாகப் பதிவு செய்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் நுரை எழுவதை அண்மைக் காட்சியாய் நிறுத்துகிறார்கள். காதலில் தோற்றவன் மதுக்கூடத்தில்தான் பாட வேண்டும், நண்பர்கள் கூடினால் அங்கேதான் கூட வேண்டும் என்று எழுதாச் சட்டம் செய்துவிட்டார்கள். பிறகு, திரையின் கீழ் மூலையிலே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், மது கேடு தரும் என்றொரு வரி! கண் எங்கே போகும்? குவளைக்கா, எறும்புக்கா? கோகெய்ன் அடிமைகளிடம் கண்ட முடிவைக் குடிக்காத பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நாம் அறிவோம். விடவேண்டும் என்று போராடிக்கொண்டிருப்பவன் அதே கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் அறிவோம். குடியைக் கண்டிக்கும் படங்களுக்கும் இதே கேள்வி உண்டு. இரண்டரை மணி நேரம் குப்பியைக் காட்டி, கடைசிப் பத்து நிமிடத்தில் கண்டிப்பவர்கள், அந்த இரண்டரை மணி நேரம் என்ன செய்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இவ்வளவு கூறியபின், அறிவியல் அம்மையாரிடமும் நமக்குக் கேள்வி இல்லாமலில்லை. அறிஞர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டுவது பகுத்தறிவு ஆகாது. வியட்நாம் போரிலே அமெரிக்கப் படைவீரரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் முதலிய அபினி வகைகளுக்கு அடிமையாயினர் என்று கண்டு அரசு நடுங்கிற்று. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், 1971-இல் நாடு திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தோருள், திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் 5 விழுக்காடு. மூன்றாண்டுக் கணக்கெடுத்தாலும் 12 விழுக்காடு. மூளை அதே மூளைதான். மாறியது இடம், துணை, தொழில், அச்சம். நோரா சூழலை அடியோடு மறுப்பவர் அல்லர். வறுமையும் தனிமையும் நோயை வளர்க்கும் என்று அவரும் சொல்கிறார். ஆனால் வண்ணம் பூசிய மூளைப் படம் ஒன்றை மேடையில் ஏற்றியதும், பார்ப்போர் கண்ணுக்குச் சூழல் மறைந்துபோகிறது. மார்க் லூயிஸ் போன்ற அறிஞர்கள், இதனை நோய் என்பதைவிட ஆழமாய் வேரூன்றிய கற்றல் என்பதே பொருந்தும் என்று வாதிடுகின்றனர். வழக்கு முடியவில்லை.

நமக்கு அச்சம் வேறிடத்தில். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டிலே, எழுத்து தலைக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்று புதிய சோதிடர்கள் கிளம்பிவிடக்கூடாது! மூளை நோய் என்ற சொல்லைக் கேட்டதும், ‘அவன் அவ்வளவுதான்’ என்று கைகழுவ ஊர் துடிக்கும். நோராவின் சொந்த ஆய்வே அந்த வாயை அடைக்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கு அடிமையாயிருந்து, ஓராண்டுக்கு மேல் அதை விட்டிருந்த சிலரின் மூளையை மீண்டும் படமெடுத்தபோது, டோபமினைக் கையாளும் அமைப்புகள் பெருமளவு மீண்டிருந்ததை 2001-இல் காட்டினார். நினைவாற்றலும் உடலசைவும் அதே அளவு மீளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். விதியை நம்புவோர்க்கு அந்த ஆய்விலே இடமில்லை.

மற்றொன்று: மூளையைப் படமெடுக்கும் கருவியில் கடைக்காரனின் முகம் விழுவதில்லை. அமெரிக்காவில் 1996-இல் ஆக்சிகான்டின் என்ற வலிநீக்கி மாத்திரையைச் சந்தைக்குக் கொணர்ந்த பர்டூ நிறுவனம், அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அந்நாட்டில் போதைப்பொருள் மிகையால் மாண்டவர் ஒரு இலட்சத்துக்கு மேல். டி2 ஏற்பிகள் மட்டும் குறைந்ததால் நேர்ந்ததா இது? இலாபம் கூடியதாலும் நேர்ந்தது.

நம் நாட்டில் கடைக்காரன் யார்? சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 1921-இல் ஈரோட்டிலே நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. ‘நல்லதம்பி’யை எழுதிய அண்ணா, தம் ஆட்சியில் அதைக் கைவிடவில்லை. அவர் மறைந்தபின், 1971-இல், கழக ஆட்சியிலேயே தளர்த்தப்பட்டது. பிறகு மூடினர், திறந்தனர், மீண்டும் மூடினர், திறந்தனர். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. நோரா வோல்கோவ் வாஷிங்டனை அடுத்த அலுவலகத்தில் பொறுப்பேற்ற அதே 2003-ஆம் ஆண்டில்தான், தமிழ்நாட்டு அரசு சில்லறை மது விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது! அதன்பின் எந்தக் கட்சி வந்தாலும் கல்லாப் பெட்டி அதேதான். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அதில் விழுந்தது. மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பர். வெறும் சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கடைகள் திறந்திருந்தபோதே, 2024 சூனில், கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர் என்பதையும் அந்த வாதத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

கலைவாணரின் பெருமை இங்கேதான் மீண்டும் தலைதூக்குகிறது. அவருக்கு டோபமின் தெரியாது. ஆனால் பணம் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பது தெரியும். ‘நல்லதம்பி’யில் குடியைப் பற்றிய பேச்சும், செல்வம் யாருக்கு என்ற பேச்சும், படிப்பு யாருக்கு என்ற பேச்சும் ஒரே படத்தில் கூடி நிற்பது தற்செயல் அன்று. குடிப்பவனை மட்டும் தனியே பிடித்து நிறுத்தி அவர் சிரிக்கவில்லை. அவனைச் சுற்றியுள்ள ஊரையும் சேர்த்தே சிரித்தார். பின்வந்தவர்கள் ஊரை விட்டுவிட்டு, தள்ளாடும் காலை மட்டும் எடுத்துக்கொண்டனர். பள்ளி மேடைச் சிறுவன் கற்றுக்கொண்டது அந்தக் காலைத்தான்.

ஆகவே, கலைவாணரைப் போற்றும் இளங்கலைஞர்கள் அவரிடமிருந்து ஊரைக் காணும் கண்ணையும், நோராவிடமிருந்து அந்த மனிதனின் உள்ளே காணும் கண்ணையும் பெற வேண்டும் என்று கேட்கிறோம். முதலில் சொல்லை மாற்றலாம். ‘குடிகாரன்’ என்பது வசை. ‘குடிநோயாளி’ என்ற சொல்லை நோயுற்றோரோடு பழகுவோர் நெடுநாளாக வழங்கி வருகின்றனர். சாந்தி ரங்கநாதன் தம் கணவரை இழந்தபின் 1980-இல் சென்னையிலே குடிநோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். அத்தகைய இடங்களிலே நடப்பது எதுவும் நம் எழுத்திலும் திரையிலும் ஏறக்குறைய இல்லை. குடித்து அழிபவனைக் கண்டிருக்கிறோம். குடித்துச் சிரிக்க வைப்பவனைக் கண்டிருக்கிறோம். மனைவியின் கண்ணீரில் ஒரே காட்சியில் திருந்துபவனையும் கண்டிருக்கிறோம். குடியை விட்டுப் பதினான்காம் மாதத்தில் இருப்பவன் ஒருவன், மாலை ஆறு மணிக்குக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீடு திரும்புகிறான். வீட்டார் இன்னும் அவனை முழுதும் நம்பவில்லை. பழைய நண்பன் ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று தோளில் கைபோடுகிறான். இந்த மனிதனை வைத்து ஒரு நாடகம் எழுத முடியும். அதில் சிரிப்புக்கும் இடமுண்டு. அந்த நண்பனையும், கடையை நடத்துவோரையும், எறும்பு எழுத்தில் எச்சரிப்போரையும் கண்டு சிரிக்கலாம். எழுதும் தோழர்கள் நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு அனுப்பினால், மேடையேற்றப் பிள்ளைகள் இருக்கின்றனர்.